உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கே மெழுகுதிரி ஏற்றுவது?

கடலோரத்தாள் | 3 நவம்பர் 2025, இரவு 9.40

நேற்று கல்லறைத் திருநாள். சாயங்காலம் எங்கள் ஊர் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி வெளிச்சம். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். அப்பாவுக்குக் கல்லறை இருக்கிறது, அங்கே நின்றோம். தம்பிக்காகப் போய் நிற்க ஓர் இடம் இல்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எட்டு ஊர்கள், எல்லாம் ஆழ்கடல் தொழில். கரையை விட்டால் பத்து நாள், பதினைந்து நாள், சில படகுகள் ஒரு மாதம்கூடக் கழித்துத்தான் திரும்பும். 2017 நவம்பர் 29 அன்று வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை ஒக்கிப் புயலாகி நின்றது. கரையில் எச்சரிக்கை சொன்ன நேரத்தில் எங்கள் படகுகள் நூற்றுக்கணக்கான கடல் மைல் தாண்டி இருந்தன. ஒயர்லெஸ் அங்கே எட்டாது. தம்பிக்கு அப்போது 23 வயது.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? லட்சத்தீவின் கல்பேனித் தீவில் சிலர் கரையேறினார்கள் என்று ஒரு போன். மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் நம் படகுகள் நிற்கின்றன என்று இன்னொரு போன். ஒவ்வொரு தடவையும் ஊரே ஆலயத்துக்கு ஓடும், பெயர் வாசிப்பார்கள், சில வீடுகளில் சிரிப்பு, சில வீடுகளில் மறுபடியும் அழுகை. டிசம்பர் 7 அன்று கடலில் தேடச் சொல்லி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். அம்மாவும் உட்கார்ந்தாள்.

காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும். எங்களுக்கு அவ்வளவு காக்க வைக்காமல் சான்றிதழும் 20 லட்சம் நிவாரணமும் கொடுத்தார்கள். கடன் இருந்தது, அம்மா கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து, "காகிதத்துக்குத்தான் போட்டேன், பிள்ளைக்குப் போடவில்லை" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு நவம்பர் 30-க்கும் பங்கு அலுவலகத்துக்குப் போய்த் திருப்பலிக் கருத்து, அதாவது பூசையில் எதற்காக வேண்ட வேண்டும் என்று, எழுதிக் கொடுக்கிறாள்: "மகன் நலமாக வீடு திரும்ப." எட்டு வருடம் ஆகப்போகிறது. இந்த வருடம் அலுவலகத்தில் இருந்த பையன் புதியவன். "பாட்டி, இது இறந்தோர் நோட்டில் எழுதணுமா, மற்ற நோட்டிலா?" என்று கேட்டுவிட்டான். அவன் மேல் தப்பில்லை. அம்மா எதுவும் எழுதாமல் திரும்பி வந்துவிட்டாள்.

இது கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று ஆலய முகப்பில் பதாகை தொங்குகிறது. நேற்று மறையுரையிலும் அதுதான். துன்பத்துக்குப் பிறகு துளிர்க்கும் அடையாளங்களைத் தேடுங்கள் என்றார் சாமியார். நல்ல மனிதர், புயல் நேரத்தில் எங்களோடு தூங்காமல் இருந்தவர். ஆனாலும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

இந்த இழையில் அடிபட்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நம்பிக்கை திரும்பி வந்ததா? வந்தது என்றால் எப்படி வந்தது? வசனம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

ஜெபவீரன் | 3 நவம்பர், இரவு 10.15

சகோதரி, எரேமியா 29:11 உங்களுக்கான வார்த்தை. தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கான நினைவுகள். தம்பி உயிரோடு இருக்கிறார் என்று வாயினால் அறிக்கையிடுங்கள். சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கர்த்தர் எட்டாம் வருடத்தில் அற்புதம் செய்வார்.

மலையோரக்காரன் | 4 நவம்பர், காலை 5.50

தம்பி ஜெபவீரன், உங்கள் மனது புரிகிறது. ஆனால் அந்த அம்மா எட்டு வருடமாக அறிக்கையிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்? பிள்ளை வராததற்கு அவருடைய சந்தேகம் காரணம் என்று ஆகிவிடக் கூடாது. இன்னொன்று. அந்த 11-ஆம் வசனத்தைப் படிப்பவர்கள் 10-ஆம் வசனத்தையும் படிக்க வேண்டும். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் என்று அதில் இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அதற்கு முன்னால், 5-ஆம் வசனத்தில், வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் கனியைச் சாப்பிடு என்கிறார். எனக்குப் பிடித்தது அந்த வசனம்தான்.

தங்கச்சி, நடந்ததைக் கேட்டீர்கள். நான் அருமனைப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. அதே ஒக்கி, அதே நவம்பர் 30. உங்களுக்குப் போனது உயிர், எனக்குப் போனது மரம். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்றரை ஏக்கர் ரப்பர். கிட்டத்தட்ட 270 மரம், நல்ல பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்கள். காற்று அடங்கி விளையை, அதாவது தோட்டத்தை, பார்க்கப் போனபோது நாற்பது நின்றது. மீதி நடுவில் முறிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. பால் பிடிக்கிற சிரட்டைகள் எல்லாம் சேற்றில். ரப்பர் என்பது வாழை மாதிரி அடுத்த வருடம் வருகிற பயிர் அல்ல. ஒட்டுக்கன்று வைத்து, தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் தடியின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆன பிறகுதான் பால் வெட்டக் கத்தி வைக்கலாம். அதற்கு ஏழு வருடம். எனக்கு அப்போது 54 வயது. மனைவியின் நகை அடகில். மகள் நர்சிங் இரண்டாம் வருடம்.

சபைக்குப் போவதை நிறுத்தினேன். கோபமா என்றால் கோபம்கூட இல்லை. பாட்டுப் பாட வாய் வரவில்லை, அவ்வளவுதான். கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடத்தில் யாரும் என்னைக் கூப்பிட வரவில்லை என்றால் அது பொய். ஒரு சனிக்கிழமை சபை வாலிபர்கள் பதினைந்து பேர் அரிவாளும் மரம் அறுக்கும் மிஷினுமாக வந்தார்கள். ஒருவரும் ஜெபம் பண்ணலாமா என்று கேட்கவில்லை. மூன்று சனிக்கிழமை வந்து விளையைச் சுத்தமாக்கிக் கொடுத்தார்கள். அடுத்த விளைக்காரர் இந்து, முத்தாரம்மன் கோவில் கமிட்டியில் இருப்பவர். அவரே நடுவதற்கு ஒரு கட்டு மரச்சீனிக் (மரவள்ளி) கம்பைக் கொண்டுவந்து போட்டார். அவருக்கும் மரம் போயிருந்தது. 2018 ஜூன் மழையில் கன்று வைத்தேன். மூன்று வருடம் இடையில் அன்னாசி.

இந்த வருடம் முதல் வெட்டு. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனேன். முதல் மரத்தில் கத்தி வைத்ததும் வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் ரப்பர் ஷீட்டை அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைத்தேன். ஏலத்தில் எடுத்தவர் அந்த மிஷின் கொண்டுவந்த பையன்களில் ஒருவன்.

நம்பிக்கை திரும்பி வந்தது என்றால் இப்படித்தான் வந்தது. ஒரு நாள் வந்தது என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பையன்கள் வந்தபோதே வந்துவிட்டதோ என்னவோ, எனக்குத்தான் ஏழு வருடம் தெரியவில்லை.

கடலோரத்தாள் | 4 நவம்பர், மதியம் 1.20

அண்ணன், இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "அந்த ஆளுக்க மனைவி நகையைத் திருப்பினாளா?" என்று கேட்டாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டிப்போட்ட மரம் திரும்பத் துளிர்க்கும் என்று யோபு 14-இல் வருகிறதே, புயலுக்குப் பிறகு எத்தனையோ பேர் எங்களுக்கு அதை அனுப்பினார்கள். அடுத்த வரிகளை யாரும் அனுப்பவில்லை. மரத்துக்கு அப்படி, மனிதன் செத்தால் எங்கே என்றுதான் யோபு கேட்கிறார். துளிர்க்காத மனிதனைப் பற்றிய புலம்பல் அது.

மலையோரக்காரன் | 4 நவம்பர், மாலை 6.05

சரிதான் தங்கச்சி. அதை நான் பதில் என்று சொல்ல வரவில்லை. யோபுவும் அந்த இடத்தில் பதில் வாங்கவில்லை.

நகை திருப்பியாயிற்று. வளையல் ஒன்று மட்டும் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

வாவிக்கரை | 6 நவம்பர், இரவு 8.30

நான் மட்டக்களப்பு. ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு நாளாக எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் ஊரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. நான் வேறு சபை. வெடிச்சத்தம் கேட்டபோது நாங்களும் ஆராதனையில்தான் இருந்தோம். அங்கே ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே முற்றத்தில் நின்ற நேரம். போனவர்களில் பிள்ளைகள் பலர். கொழும்பு, நீர்கொழும்பு எல்லாம் சேர்த்து நாடு முழுக்க 250-க்கும் மேற்பட்டவர்கள்.

அதன்பிறகு என் வகுப்பில் இயேசு மூன்றாம் நாள் உயிர்த்த கதையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாமல் போனது. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்குக் கொரோனா, ஆலயங்கள் பூட்டு. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. 2021-இல் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பிள்ளை, எட்டு வயது, கேட்டது: "ரீச்சர், அந்த அக்காமார் ஏன் மூன்றாம் நாள் வரேல்லை?"

நான் யோவான் 20-ஐ முதல் தடவை மெதுவாகப் படித்தது அந்தக் கிழமைதான். கடலோரத்தாள், உங்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். உயிர்ப்பு நாளின் காலையில் முதலில் கேட்கிற சத்தம் அல்லேலூயா இல்லை. மகதலேனா மரியாள் அழுகிற சத்தம். அவள் எதற்கு அழுதாள்? இயேசு செத்ததற்கு அவள் அழுது முடித்திருப்பாள். இது உடல் இல்லை என்பதற்கான அழுகை. எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லையே என்கிறாள். தோட்டக்காரரிடம், நீர் கொண்டுபோயிருந்தால் இடத்தைச் சொல்லும், நான் போய் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். ஒரு பெண் தனியாக ஓர் ஆணின் உடலை எப்படித் தூக்குவாள்? அதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. உங்கள் அம்மாவும் யோசிக்க மாட்டா.

எங்கள் நாட்டில் இந்த அழுகையை எல்லாருக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் படங்களோடு உட்கார்ந்தார்கள். சைவத் தாய்மாரும் கிறிஸ்தவத் தாய்மாரும் சேர்ந்து. அங்கே ஒருநாள் போய் இருந்திருக்கிறேன். பிள்ளை உயிரோடிருக்கிறானா இல்லையா என்று எவரும் அவர்களிடம் கேட்பதில்லை. பெயரைத்தான் கேட்பார்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில், எனக்குத் தெரியாது என்பதுதான். பிறகு எல்லாருமாகப் போன பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பாடினோம்.

கடலோரத்தாள் | 6 நவம்பர், இரவு 11.50

அக்கா, மரியாளை நான் இப்படிப் பார்த்ததே இல்லை. இத்தனை பாஸ்கா ஞாயிறு அந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தாள், அவர் நின்றார். அம்மாவை யாரும் கூப்பிடவில்லையே.

வாவிக்கரை | 7 நவம்பர், காலை 6.10

ஓம். கூப்பிடவில்லை. அதற்கு என்னிடம் சொல் இல்லை.

குளச்சல்_பெரியவர் | 9 நவம்பர், மாலை 4.45

எனக்கு வயது 71. பேரன்தான் தட்டித் தருகிறான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே குழியில் வைத்தோம். நானும் மண் தள்ளினேன். யார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள் என்று தெரியாது. என் அண்ணன் மகள் அதில் இருக்கிறாள் என்று நினைக்கிறோம். உறுதி கிடையாது. ஆகவே மகளே, குழி இருந்தாலும் சில சமயம் இடம் தெரியாது. இருபது வருடமாக நாங்கள் மொத்தக் குழிக்கும் சேர்த்துத்தான் மெழுகுதிரி வைக்கிறோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் கடலில் இறங்கவில்லை. படகு இல்லை, வலை இல்லை என்பது ஒரு பக்கம். இருந்தவர்களும் இறங்கவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பித்தான் உட்காருவோம். முதலில் போனவர்கள் மீனோடு வந்தால் வாங்க ஆள் இல்லை. பிணம் தின்ற மீன் என்று சந்தையில் பேச்சு. எங்கள் வீட்டிலேயே தொட மாட்டோம். கடலோரத்தில் பிறந்தவனுக்கு மீன் இறங்காமல் போனால் அவன் யார்?

நாங்கள் நாலு பேர் சேர்ந்து முதலில் கட்டுமரம் இறக்கிய அன்று கொஞ்சம் சாளை கிடைத்தது. கரைக்கு வந்தோம், யாரும் கிட்டே வரவில்லை. எங்களில் ஒருவன், அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போனவன், ஒன்றும் பேசாமல் சுள்ளியும் கொதும்பும் பொறுக்கித் தீ மூட்டினான். மீனைச் சுட்டான். முதல் மீனை அவனே தின்றான். பிறகு எனக்கு நீட்டினான். நான் அழுதுகொண்டே தின்றேன். அப்புறம் வாசனைக்குப் பிள்ளைகள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள். அன்றைக்குத்தான் ஊர் மறுபடி சாப்பிட்டது.

யோவான் 21 எனக்கு அதன்பிறகுதான் புரிந்தது. உயிர்த்தவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்கிறாரே. பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்ததும் கரிநெருப்புக்குப் பக்கத்தில்தான். அதே வாசனை அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் சோறு போட்டார், கேள்வியைப் பிறகு வைத்துக்கொண்டார்.

உன் அம்மா சாப்பிடுகிறாளா? மீன் சாப்பிடுகிறாளா?

கடலோரத்தாள் | 9 நவம்பர், இரவு 7.30

சாப்பிடுகிறாள் தாத்தா. ஆனால் சூரை மட்டும் எட்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. அது தம்பிக்குப் பிடித்த மீன். நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைக்கிறது.

ஜெபவீரன் | 10 நவம்பர், இரவு 9.00

அக்கா, நான் முதல் நாள் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என் அம்மா புற்றுநோயில் 2022-இல் போனார்கள். கடைசி மாதங்களில் வீட்டில் யாரும் அழக் கூடாது, அழுதால் அவிசுவாசம் என்று சொன்னார்கள். நானும் அழவில்லை. அம்மா பயமாக இருக்கிறது என்று ஒரு இரவு சொன்னபோதும் நான் வசனம்தான் சொன்னேன். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இந்த இழையைப் படித்துவிட்டு மூன்று வருடம் கழித்து நேற்று அழுதேன்.

மலையோரக்காரன் | 11 நவம்பர், காலை 5.40

தம்பி, வசனம் சொன்னதும் அன்பினால்தானே. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். ஒரு நாள் அருமனைப் பக்கம் வாருங்கள், அன்னாசி இருக்கிறது.

இன்னொரு விஷயம். எங்கள் பழைய வேதாகமத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர்களின் பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. எனக்கு அந்த எதிர்நோக்கு என்ற சொல் முன்பெல்லாம் ஒட்டவில்லை, ஏதோ அரசாங்கக் காகிதச் சொல் மாதிரி இருந்தது. இந்த அம்மாவின் கதையைக் கேட்ட பிறகு ஒட்டுகிறது. கரையில் நின்று கடலை எதிர்நோக்குகிறவர் அவர். உள்ளே என்ன நினைக்கிறார் என்பது இருக்கட்டும், முகம் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்பதுதான் அந்தச் சொல்.

கடலோரத்தாள் | 30 நவம்பர், மாலை 5.10

இன்று எட்டு வருடம். நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயாவின் நாள், அவரும் மீனவர்தான். இந்த வருடம் ஞாயிறாகப் போனதால் திருவருகைக் கால முதல் ஞாயிறுத் திருப்பலி.

நற்செய்தி வாசகம் எது தெரியுமா? மத்தேயு 24. நோவா காலத்து வெள்ளம் வந்து எல்லாரையும் அடித்துக்கொண்டு போனது, வயலில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், ஒருவர் விடப்படுவார். ஆலயத்தில் பாதிப்பேர் ஒக்கியில் ஆளை இழந்தவர்கள். ஒரு சத்தம் இல்லை. அம்மா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. சாமியார் வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "விடப்பட்டவர்கள் நாம். விழித்திருங்கள் என்று அவர் சொல்வது நம்மிடம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறையுரை அவ்வளவுதான்.

திருப்பலிக் கருத்து விஷயம். போன வியாழக்கிழமை அம்மா தானாகவே பங்கு அலுவலகத்துக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன். அதே பையன், பாவம், எழுந்து நின்றுவிட்டான். அம்மா சொன்னது இது: "அந்தப் படகில் போன பதினோரு பேருக்கும் எழுது. என் பிள்ளை பெயரை நடுவில் போடு." எந்த நோட்டு என்று அவன் கேட்கவில்லை. புதிதாக ஒரு தாளை எடுத்து எழுதினான். அம்மா பதினோரு பெயரையும் ஒன்றுகூட விடாமல் சொன்னாள். அதில் நான்கு பேர் வேறு ஊர்க்காரர்கள், அவர்களை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. எட்டு வருடமாக அவள் ராத்திரி செபமாலையில் யார் யாருக்கு வேண்டினாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் மகன் இறந்ததாக ஏற்றுக்கொண்டாளா என்றால், தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திருப்பலி முடிந்து மெழுகுதிரியை எங்கே வைப்பது என்று நின்றேன். அம்மா கரைக்கு நடந்தாள். டிட்வா புயலால் இன்றும் காற்று, திரி நிற்கவில்லை. வெளியூர் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து கையால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நான்கு பேரில் ஒருவருடைய பிள்ளைகள். படகில் இருந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் அம்மா ஆள் அனுப்பியிருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. எல்லாருக்கும் வீட்டில் சாப்பாடு. சூரைக் குழம்பு. தாத்தா, உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

வாவிக்கரை அக்கா, இலங்கையில் வெள்ளம், மண்சரிவு என்று செய்தியில் பார்க்கிறோம். மூன்று நாளாக உங்களைக் காணவில்லை. ஒரு வரி எழுதுங்கள். அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

குளச்சல்_பெரியவர் | 30 நவம்பர், இரவு 7.15

சூரையா! நல்லது மகளே. நல்லது.

வாவிக்கரை | 1 டிசம்பர், இரவு 10.35

நாங்கள் பத்திரம். மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை, அதுதான். சபை மண்டபத்தில் வெள்ளத்தால் வந்த குடும்பங்கள் இருக்கிறார்கள், வகுப்புப் பிள்ளைகள்தான் பாய் விரித்துக் கொடுக்கிறார்கள். அன்றைக்குக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது, பருப்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்கிறாள். அம்மாவிடம் சொல்லுங்கள், நாளைக்கு இருட்டியதும் இங்கே எல்லாருமாக ஜெபிப்போம். அந்தப் பதினோரு பெயரையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். போனில் சார்ஜ் குறைவு, காலையில் பார்ப்பேன்.